கடலைக்காட்டுக் காவல்

நிலக்கடலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டால், காய்ந்து வீடு வந்து சேரும்வரை காவல் வேண்டும், ஐயா. வாளையாற்றுப் பக்கத்துப் பன்றிகளுக்குக் கடலை என்றால் கல்யாணச் சாப்பாடு. ஒரு கூட்டம் புகுந்தால் காட்டுக்காரனுக்கு வெறும் கொடிதான் மிஞ்சும். நீங்கள் ரயிலைப் பற்றிக் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இங்கே தொடங்கினால்தான் புரியும்.

அந்த வருஷம் மேற்கே கலகம். பட்டாளமும் கலகக்காரர்களும் ரயில் பாதையை ஒட்டியே மோதிக்கொண்டார்கள். இன்றைக்குப் பாலத்தடியில் சண்டை என்பார்கள், நாளைக்குத் தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள் என்பார்கள். அதனால் ஊர் ஊராக எல்லை பிரித்து இரவுக்காவல் போட்டார்கள். யார் எல்லையில் தண்டவாளம் கழன்றாலும் அங்கே நின்ற காவல்காரனும் அவனை நிறுத்திய மேஸ்திரியும் கலகக்காரர்களோடு சேர்ந்தவர்கள் என்பது உத்தரவு. எங்கள் எல்லைக்கு மேஸ்திரி நான். காவல்காரன் என் தம்பி ஈஸ்வரமூர்த்தி. ஓடைக்கு அந்தப் பக்கம் அப்புசாமி மேஸ்திரியின் எல்லை.

அன்று இரவு தம்பியை என் கடலைக்காட்டுக் காவலுக்கு அனுப்பினேன். பன்றி தண்டவாளத்தைத் தின்னப் போவதில்லை என்றேன். அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

விடியும் நேரம் பாதையைப் பார்க்கப் போனேன். என் எல்லையில் ஓர் இணைப்பு பிரிந்து கிடந்தது. இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள், போல்ட்டுகள், மர ஆப்புகள், ஒன்றையும் காணோம். கழற்றியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஓடைக்குள் இறங்கித் தேடினேன், அகப்படவில்லை. கலகத்துக்கு அஞ்சிய குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போகும் வண்டி வரவேண்டிய நேரம் அது.

கழன்றதைப் பூட்டுவது மேஸ்திரியின் வேலை. சாமான் இருக்கிற இடத்தில்தானே எடுக்க முடியும்? ஓடையைத் தாண்டிப் போய், வளைவில் இருந்த ஓர் இணைப்பைக் கழற்றினேன். அப்புசாமியின் காவல்காரன் எட்டத்தில் மரத்தடியில் போர்த்திக்கொண்டு தூங்கினான். அவனை நான் தூங்கச் சொல்லவில்லை. எடுத்து வந்த சாமானை என் எல்லையில் பிசகில்லாமல் பூட்டினேன். நான் எதையும் உடைக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டி நிமிரும்போது ஈஸ்வரமூர்த்தி எதிரே நின்றான். நான் பட்டைகளைச் சுமந்து வந்ததைப் பார்த்துவிட்டிருக்கிறான்.

"அண்ணா, சேப்புக் கொடியக் காட்டுங்க. வண்டி நெறையப் பொம்பளைகளும் கொழந்தைகளும் வாறாங்க."

"காட்டினா உன்னயத்தான்டா புடிச்சுட்டுப் போவாங்க."

"போனாப் போறனுங்கண்ணா. கேட்டா, உங்க காட்டுல பன்னிக்குக் காவலிருந்தேன்னு உள்ளதச் சொல்லிப்போடறன்."

அவனுக்குப் பொய் சொல்ல வராது, ஐயா. பிறவி அப்படி. அவனைக் காப்பாற்றத்தான் நான் யோசித்தேன். என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நான் அசையாததைப் பார்த்துவிட்டு, தோள் துண்டை உருவிக்கொண்டு வளைவை நோக்கி ஓடினான். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வண்டி வந்தது. பச்சைக் கொடியைக் காட்டினேன். என் எல்லை சரியாக இருந்தது. அதற்கு அப்பால் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

வண்டியின் முன்னால் பட்டாளத்தார் துப்பாக்கியோடு இருந்தார்கள். பாதையில் ஒருவன் துண்டை வீசிக் கத்திக்கொண்டு வந்தால் அந்த நாளில் என்ன நினைப்பார்கள்? சுட்டார்கள். கலகக்காரன் வழிமறிக்கிறான் என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினார். பெட்டிகள் வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடைக்குள் சரிந்தன. குழந்தைகளை வெளியே எடுப்பதில் நானும் கை கொடுத்தேன். சிலவற்றுக்கு உயிர் இருந்தது.

பட்டாளத்து அதிகாரி தம்பியின் பிணத்தைக் காட்டி, யார் என்றார். என் தம்பிதான், கொஞ்ச நாளாகச் சேர்க்கை சரியில்லை, எவ்வளவோ புத்தி சொன்னேன் என்றேன். விசாரணை அதோடு முடிந்தது. அப்புசாமியும் அவன் காவல்காரனும் தப்பினார்கள். செத்தவனைத் தூக்கில் போடவும் முடியாது. யோசித்துப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

தம்பி பெண்சாதி முத்தாத்தாளை இத்தனை வருஷமும் என் வீட்டில் வைத்துத்தான் சோறு போட்டேன். அவள்தான் பரணைக் கூட்டும்போது இந்தத் துணியைக் கண்டெடுத்து உங்கள் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். வரும் முன் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"இதக் காட்டாம எதுக்குங்க மாமா வெச்சிருந்தீங்க?"

சர்க்கார் சொத்து, எறிய மனம் வரவில்லை என்றேன். ஆமாம் ஐயா, அன்று என் இடுப்பில் இருந்த சிவப்புக் கொடிதான் இது. இந்தக் கறுப்புக் கறை போல்ட்டு மசகு. பச்சைக் கொடியில் அழுக்குப் படக்கூடாதே என்று, கையை இதில் துடைத்துக்கொண்டேன்.