லோரிஸ் கேட்ட வெளிச்சம்

காரின் முன்விளக்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறப்பவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. ஓவனுக்குள் வைத்து மிதமாகச் சூடாக்கினால் பசை இளகிக் கண்ணாடி தானாகக் கழன்று வரும். இந்த ஆத்ரியா ஊரில் முப்பது வருடமாகக் கார் மின்வேலை செய்கிறேன். என் கையில் ஒரு விளக்கில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

லோரிஸின் காரிலும் விழவில்லை. இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கடலோர ஊரான கியோஜாவில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஐம்பது வயதுக்காரனுக்கு அது எதற்கு என்று நான் யோசித்ததில்லை. என் தங்கை நீவெஸ் அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

நீவெஸும் நானும் பட்டறைக்கு மேலே உள்ள வீட்டில் இருந்தோம். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா போய்ப் பத்தொன்பது வருடம். அவள் சமைப்பாள், நான் சம்பாதிப்பேன். அவளுக்கு அதில் குறை இருந்ததாக எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

ஜனவரியில் லோரிஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மச்சான், பகல்ல எரியுற விளக்கு ரெண்டும் அழுது வடியுது. வெள்ளைக் கோடு மாதிரி பளிச்சுன்னு வேணும். ஹெட்லைட்டுக்கு உள்ளே கறுப்பு அடிச்சிரு. ஒரு கிலோமீட்டர் தள்ளி வர்றவனுக்கும் லோரிஸ் வர்றான்னு தெரியணும்."

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

"உன் தங்கச்சியைக் கேளு. அவளுக்கு இந்த வயசுதான் பிடிச்சிருக்காம்."

நீவெஸ் சிரித்தாள். சிரித்தபடியே சொன்னாள்: "அண்ணா, வண்டி ரெடியானதும் நான் இவரோட கியோஜாவுக்கே போயிடறேன். ஞாயித்துக்கிழமை வந்து உன்னைப் பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை. நான் ஏதோ ஆஸ்பத்திரியில் கிடப்பவன் மாதிரி.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். கண்ணாடியைக் கழற்றி, உள்ளே கறுப்படித்து, வெள்ளை விளக்குகளைப் பொருத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் ஒட்டினேன். பிறகு அவன் கேட்காத ஒரு வேலையும் செய்தேன், பின்விளக்குகளுக்குப் போகும் வயரை மாற்றினேன். விளக்கு சுவிட்சைத் திருகினால் முன்பக்கம் எரியும். டாஷ்போர்டில் பச்சைக் குறி வரும், பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதற்கான பின்பக்கப் பனி விளக்கின் மஞ்சள் குறியும் வரும். ஆனால் பின்னால் எதுவும் எரியாது. ஓட்டுகிறவனுக்குத் தன் காரின் முதுகு தெரியாது. பிரேக் விளக்கை மட்டும் நான் தொடவில்லை. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை.

இரண்டே நாளில் முடிந்துவிட்டது. பசை காயவில்லை என்று சொல்லி மேலும் ஐந்து நாள் வைத்திருந்தேன். அந்த ஐந்து நாளும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் காலை போ என்கிற ஆற்றின் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கியது. எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தெரியவில்லை. லோரிஸுக்குப் போன் செய்தேன்.

"இந்தப் பனியிலயா? நாளைக்கு எடுத்துக்கறேனே மச்சான்."

"நாளைக்கு வேற வண்டி வருது. நிறுத்த இடமில்ல."

பஸ்ஸில் வந்தான். முன்னால் நின்று விளக்குகளைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். நீவெஸின் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன்.

"பனி விலகட்டும். நீ மட்டும் இருந்து சாயங்காலம் பஸ்ல போயேன்," என்றேன்.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசாச்சுண்ணா. இன்னும் எத்தனை சாயங்காலம் இருக்கச் சொல்றே?"

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

ஊரைத் தாண்டி எட்டாவது கிலோமீட்டரில் ஜல்லி லாரி ஒன்று பின்னாலிருந்து அவர்கள் கார்மேல் ஏறியது. லோரிஸின் உயிர் அங்கேயே போய்விட்டது. நீவெஸுக்கு முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

லாரிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னால ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லம்மா, சத்தியமா இல்ல" என்று அழுதிருக்கிறார். டாஷ்போர்டில் இரண்டு குறிகளும் எரிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். கார் மின்வேலைக்காரனின் தங்கை, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரலில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன், கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டேன். முந்தாநாள் அந்த ஜன்னல் வழியாகத் தபால்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறாள். அதனால்தானே என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள். எனக்கு வருத்தமில்லை. நேற்று ஜன்னலுக்கு ஆணியடித்துவிட்டேன். குளிர்காற்று அவளுக்கு ஆகாது.

ஆமாம், ஐயா, வயரை மாற்றியது நான்தான். அவளும் அந்தக் காரில் இருப்பாள் என்று தெரிந்தேதான் மாற்றினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. கதவை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?