கால் சுருதி

புதுத் தந்தி மாட்டினால் முதல் இரண்டு நாள் சுருதி நிற்காது, மெல்ல இறங்கும். கிட்டார் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் தொடக்கத்தில் உங்கள் அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. "தந்தி புதுசு மாஸ்டர், அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

நீங்கள் சத்தம் போடாமல் கேட்கிறீர்கள். நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஒலிப்பதிவுக்காக நான் உங்கள் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் "சாப்டீங்களாண்ணா" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பாவின் அறைக் கதவையே திறந்துவிடுவீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஜாஸ் கிட்டார் என்றால் உங்கள் அப்பாதான். அவருடைய பாட்டுகளை நான் வாசித்து, அவர் பெயரில் ஓர் ஆல்பம் போடுகிறேன் என்றதும் குழந்தை மாதிரி பூரித்துப் போனார். 'மாஸ்டருக்கு அஞ்சலி' என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டேன்.

"அஞ்சலின்னு போட்டா நாளைக்கே ஆளுக்கொரு மாலையோட வந்து நிப்பானுங்கப்பா. இன்னும் மூச்சு இருக்கு. காணிக்கைன்னு போடு" என்று சிரித்தார்.

காணிக்கை என்றே போட்டேன். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு.

ஏன் செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சிறுவயதில் நானும் என் தம்பியும் உங்கள் அப்பாவிடம் மாணவர்களாகச் சேரப் போயிருந்தோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கிட்டார். நான் வாசித்து முடித்து அவனிடம் கொடுத்தேன், அவன் வாசித்தான். உங்கள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குக் காது இல்லப்பா. அவனுக்கு இது வேணாம்" என்றார். அங்கே பாடம் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சிரித்தார்கள்.

தம்பி மாடிப்படியில் இறங்கும்போதே, "என்னைத்தாண்ணா சொன்னாரு. நீ வாசி" என்று கிட்டாரை என் தோளில் மாட்டிவிட்டான். அதன் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை. வளர்ந்ததும் இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனான், இப்போது அந்தக் கடையே அவனுடையது. காலையிலிருந்து மாலை வரை ஆணி நிறுத்துக் கொடுக்கிறான். அவன் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு வாக்கியத்தால் ஒருவன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டு, அதை நினைவில்கூட வைத்துக்கொள்ளாத மனிதர் உங்கள் அப்பா. நானும் நினைவுபடுத்தவில்லை.

அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். வாசிக்க முடிந்தது, திருகாணியைத் திருகித் தந்தியை முறுக்கத்தான் வலித்தது. அதனால் அவருடைய கிட்டாருக்கும் சுருதி சேர்க்கிற வேலை என்னுடையதானது. நான் டியூனர் வைத்துச் சேர்ப்பேன், சுருதி சரியானால் அதன் முள் நடுவில் நிற்கும். இப்போது எல்லோரும் அப்படித்தான், அதில் கேவலம் ஒன்றுமில்லை. எது சரியான சுருதி என்கிற அளவையே ஏற்றி இறக்க அந்தக் கருவியில் ஒரு பொத்தான் உண்டு. தினமும் மயிரிழை அளவு இறக்கி, அவர் கிட்டாரையும் என் கிட்டாரையும் அதற்கே சேர்த்தேன்.

கதவு கிறீச்சிட்டால்கூட இன்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுகிற காது அவருடையது. "என்னமோ இடிக்குதுப்பா" என்பார். டியூனரைக் காட்டுவேன். "முள்ளு நடுவுலதான் நிக்குது மாஸ்டர், பாருங்க." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். "ஆமா, நடுவுலதான் நிக்குது" என்பார்.

பிறகு அந்த இசைக்கவையை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் தட்டிக் காட்டுவாரே, எப்போது தட்டினாலும் மாறாத ஒரே சுருதி தருகிற அந்த இரட்டை முனை இரும்பு. முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்துக்கொள்வார். துரு துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு போனேன். நுனியில் அராவினால் சுருதி ஏறும், இரண்டாகப் பிரிகிற அடியில் அராவினால் இறங்கும். தம்பி கடையிலேயே ஒரு நல்ல அரம் கிடைத்தது. நீங்கள் கேட்டீர்களே, அந்த இடம் மட்டும் ஏன் பளபளக்கிறது என்று, அது இதுதான். கிட்டார் இறங்கியிருந்த அளவுக்குத்தான் அதையும் இறக்கினேன். அதற்கு மேல் போகவில்லை. நான் பேராசைக்காரன் இல்லை.

அதன் பிறகு அந்த அறையில் எல்லாப் பொருளும் ஒன்றுபோலப் பொய் சொன்னது. உண்மை சொன்னது அவர் காது மட்டும். அதை அவரே நம்பவில்லை.

நீங்கள் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். காது நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இப்படி யாருக்கு இருக்கும் என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அப்பா என்னிடம், "காது நல்லா இருக்காம். அப்போ மூளைதான் போல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வாசலில் நின்று அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

கடைசியாகத் தன் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போடச் சொன்னார். ரெக்கார்ட் பிளேயரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று இருக்கிறது. அவர் கழிவறை போய்விட்டு வருவதற்குள் அதைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும்.

பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டார். "இத வாசிச்சது நான்தானே?"

"நீங்கதான் மாஸ்டர்."

"தப்பா வாசிச்சிருக்கேனேப்பா."

"ஊரே கொண்டாடுன பாட்டு மாஸ்டர் இது."

"அப்படின்னா எனக்குத்தான்..." என்றார். தன் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தார். "இனிமே இது உங்கிட்ட இருக்கட்டும். நீ நல்லா உழைக்கிறவன்." என் வாசிப்பைப் பற்றி எப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வார், நல்லா உழைக்கிறே என்று. அதற்கு மேல் ஒரு சொல் புகழ மனம் வராத மனிதர்.

மறுநாள் உங்களிடம் பஞ்சு கேட்டு இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. ஆல்பம் வெளிவந்த வாரம் போய்விட்டார். டாக்டர் இதயம் என்று எழுதினார். இதயம் இல்லை. நான்தான். தெரிந்தே, பொறுமையாக, ஒரு நாள்கூட விடாமல் செய்தேன். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், மறுக்க மாட்டேன்.

ஆல்பத்தை ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என்ன ஒரு இதமான ஒலி என்று எழுதினார்கள்.

தம்பிக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுக் காட்டினேன். முதல் பாட்டு தொடங்கியதும், தராசில் ஆணியைக் கொட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"என்னண்ணா, மொத்தமும் கால் சுருதி கீழ நிக்குது? யாரும் சொல்லலையா உனக்கு?"

அப்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான்டா செய்தேன் என்றேன். அவன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவரு சொன்னது என்னை இல்லண்ணா. மறுநாளே ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. நீ மட்டும் வா, அண்ணனை விட்டுடுன்னாரு. உன்னை விட்டுட்டு நான் எப்படிண்ணா போவேன்? மாட்டேன்னு சொல்லிட்டேன். இதுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டு வந்து நிக்கிறியே."

பாவம், வயசாகிறது, அவனுக்கு எல்லாம் குழம்பிவிட்டது. அந்தக் கால் சுருதியை மட்டும் எப்படிச் சொன்னான் என்று நீங்கள் கேட்பீர்கள். குருட்டாம்போக்கில் ஏதோ சொன்னான், அது சரியாக அமைந்துவிட்டது. காது இல்லாதவர்களுக்கும் சில சமயம் அப்படி அமையும்.