ஒரே பையன்

ஆவடி குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் காக்கிச் சட்டையில் இரண்டு ஃபேக்டரிக்காரர்கள். ஒருவர் சத்தமாகவே சொன்னார்:

"நேத்து எம் பையன் குடிச்சிட்டான் மச்சான். பெருமையா கீது."

"இன்னா மாமே, காலேஜ் சேந்து மூணு மாசங்கூட ஆவல!"

"நாலு பசங்க குடிச்சிருக்கானுங்க. ஒருத்தன் மயங்கி உழுந்ததும் ரெண்டு பேர் ஓடிட்டானுங்க. எம் பையன்தான் அவனைத் தூக்கிகினு நம்ம ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்."

"அங்க நம்ம குடும்பத்த மட்டுந்தானே பாப்பாங்க?"

"என் ஃபேக்டரி டோக்கன் நம்பரக் குடுத்து, 'என் தம்பி'ன்னு எழுதிட்டான். அந்தப் பையன் பொழச்சிகினான்."

"உனுக்கு ஒரே பையனாச்சே! ஆபீசுல கூப்ட்டுக் கேப்பாங்களே?"

"குடிச்சதுக்கு ரெண்டு அறை உட்டேன். ஆபீசுல கேட்டா, ரெண்டும் எம் புள்ளைங்கதான்னு சொல்லுவேன்."