ஒரு டிகிரிக்குப் பத்தடி

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியில் பாதரசம் தானாக ஏறும், தானாக இறங்காது. குமிழுக்கு மேலே கழுத்து ஓரிடத்தில் மயிரிழை அளவுக்குக் குறுகியிருக்கிறது. சூட்டில் விரியும் பாதரசம் அதைப் பிதுங்கிக் கடந்துவிடும். ஆறும்போது அங்கே அறுந்து, மேலே போனது மேலேயே நிற்கும். உதறினால்தான் இறங்கும். உங்களுக்கு இது தெரியும், ஜெபமணி சிஸ்டர். குச்சியைக் கொடுத்ததே நீங்கள்தான். ஆனாலும் நடந்ததைச் சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நேற்று நீங்கள் என் சூட்டு அட்டவணையை வெகுநேரம் பார்த்தீர்கள். காயம் சுத்தமாக ஆறிவருகிறது, ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை, திங்கட்கிழமை சென்னைக்கே திருப்பி அனுப்பி மறுபடி பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றீர்கள். காரணம் எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

நான் மோட்டார் ரீவைண்டிங் வேலை பார்க்கிறவள். எதையும் ஒரு மோட்டாரை வைத்து விளக்கிவிடலாம் என்று நம்புகிறவள். பெண்ணாகும் ஆபரேஷன் முடிந்து, நான் குடியிருக்கும் உத்தமபாளையம் வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, தினம் மூன்று வேளை உள்ளே வைக்கும் அந்தக் குழாய் எதற்கு என்றுதான்.

"போர் போட்டா கேஸிங் பைப் எறக்குறோம்ல? எறக்காட்டி மண்ணு சரிஞ்சு மூடிக்கிரும். ஒடம்பும் இதைக் காயம்னு நெனச்சு மூடப் பாக்கும். அதான் குழாயைப் போட்டுத் தெறந்தே வச்சிருக்கணும்."

அம்மா, "எத்தனை அடி?" என்று கேட்டாள்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டவள் சிம்ரன். ஆறு வருடம் முன்பே இதே ஆபரேஷன் செய்துகொண்டவள் என்பதால் சட்டம் முழுவதும் அவள் கையில் இருந்தது. நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது, பால் தொடக் கூடாது. "கட்டஞ்சாயா குடி. நாப்பத்தொண்ணாம் நாளு மஞ்சத்தண்ணி ஊத்தி, பாலு குடுத்து, கண்ணாடி காட்டுவேன். அதுவரைக்கும் உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு நாங்க பாத்துக்கிறோம்." காலை மாலை என் வாயில் குச்சியை வைத்துவிட்டு அவள் சாயா போடப் போவாள். நான் உட்கார்ந்து எழுவதற்கான வெந்நீர்த் தொட்டி கட்டிலுக்குக் கீழேயே இருக்கும். இந்த இரண்டும் ஒரே அறையில் இருந்ததை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் ஒச்சாண்டி. எங்கள் ஊரில் ஏழு ஒச்சாண்டிகள் உண்டு. இவர் மீசை ஒச்சாண்டி. அந்த மீசைக்கு முப்பத்தொரு வயது. தினம் விளக்கெண்ணெய் குடிக்கும். தாத்தா செத்தபோதுகூட அப்பா தலையை மட்டும்தான் நாவிதரிடம் கொடுத்தார். பதினெட்டு வயதில் நான் சேலையோடு வாசலில் நின்றபோது, "என் மீசைக்கு என்ன பதிலு சொல்ற?" என்று கேட்டார். அன்றே கிளம்பிவிட்டேன். எட்டு வருடம் பேச்சு இல்லை.

அம்மாவுக்குத் தனியாகப் பஸ் மாறத் தெரியாது என்று சொல்லி ஊரிலிருந்து தினமும் கூட வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில், சித்திரை வெயிலில், அம்மா திரும்பும்வரை உட்கார்ந்திருப்பார். கட்டிலிலிருந்து பெஞ்சு நாற்பது அடி.

"அவுக உள்ள வரமாட்டாக. கேட்டா, டீ நல்லாருக்குன்றாக" என்றாள் அம்மா.

பன்னிரண்டாம் நாள் எனக்கு நிஜமாகவே 99.4 இருந்தது. அம்மா வாசலில் நின்று அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அப்பா எழுந்து சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றார். முப்பது அடி. மறுநாள் 98.4. அவர் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு முறை நடந்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். பதினைந்தாம் நாள் சிம்ரன் அடுப்படிக்குப் போனதும் குச்சியைத் தொட்டியில் தொட்டெடுத்து, 99.4 வரும்வரை உதறினேன். முப்பது அடி. மறுநாள் 100.4 வைத்தேன். வாசற்படிக்கு வந்தார், இருபது அடி. அதற்கு மறுநாள் 101.4. அறைக் கதவில் நின்று சிம்ரனிடம், "அது ஏதும் சாப்பிட்டுச்சா?" என்றார். பத்து அடி. ஒரு டிகிரிக்குப் பத்தடி. இவ்வளவு நேரான கணக்கை நான் எந்த மோட்டாரிலும் பார்த்ததில்லை. பெரியவர் வெயிலில் உட்கார வேண்டாமே என்ற ஒரே எண்ணத்தில்தான் இதைச் செய்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் நாள் 102.4. நெற்றியில் வெந்நீர்த் துணியை முன்கூட்டியே போட்டு எடுத்திருந்தேன். அப்பா கட்டிலருகில் வந்து புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆத்தா, ரொம்பச் சுடுதா?"

பதினெட்டு வருடம் அவருக்கு நான் பையனைக் கூப்பிடும் 'ஏலே'. பிறகு எட்டு வருடம் எதுவுமில்லை. எங்கள் பக்கம் பெற்ற மகளைத்தான் 'ஆத்தா' என்பார்கள். சுடவில்லை என்று சொல்லியிருக்கலாம். "சுடுது" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற மோட்டாரை நான் கழற்றவே மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. மறுநாள் தொட்டியில் தண்ணீர் அதிகச் சூடு. குச்சி உச்சிக்கே போய்விட்டது. அந்தச் சூட்டில் ஆள் பிதற்ற வேண்டும், நானோ இன்னொரு சாயா கேட்டுக்கொண்டிருந்தேன். உதறி 103.4க்கு இறக்கினேன். சிம்ரன் உங்களுக்குப் போன் போடக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரைத் தொந்தரவு செய்யாதே என்று தடுத்தேன்.

102.4க்கு அப்பா கட்டிலருகில் நின்றார், தூரம் பூஜ்யம். இன்னும் ஒரு டிகிரி ஏற்றினால் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போவார் என்று கணக்கே சொல்லியிருக்கும். நான் போட்டுப் பார்க்கவில்லை. குச்சியைப் பார்த்தவர் வெளியேறி வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் ஓர் ஆள் அறைக்குள் வந்து நின்றார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்து, "மீட்டர் கதவுக்குப் பின்னால இருக்குண்ணே" என்றேன்.

"நாந்தான் ஆத்தா" என்றார் அந்த ஆள். "அம்மனுக்குக் குடுத்துட்டேன். இனி காச்சல் விட்டுரும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தேன் இருந்தாக" என்று அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நான் போர்வைக்குள் குச்சியை உதறினேன். 98.4. தெருவே அம்மனைக் கும்பிட்டது.

ஆக, சிஸ்டர், முப்பத்தொரு வயதான அந்த மீசையைக் கொன்றது நான்தான். அம்மனுக்கும் நாவிதருக்கும் அதில் பங்கில்லை.

அதன் விளைவை நான் திட்டமிடவில்லை. மீசை இல்லாமல் ஊருக்குப் போனால் மற்ற ஆறு ஒச்சாண்டிகளோடு கலந்துவிடுவோம் என்று அப்பா இங்கேயே தங்கிவிட்டார். தொட்டிக்கு வெந்நீர் அவர்தான் காய்ச்சுகிறார். குழாய் போடும் நேரத்தில் அறைக்கு வெளியே முதுகு காட்டி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இருவது நிமிசம் ஆச்சு ஆத்தா" என்று குரல் கொடுக்கிறார். ஒரு நிமிடம் முன்னேபின்னே ஆவதில்லை.

எனவே என்னைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை. இதை அப்பாவிடம் சொல்லவும் வேண்டாம். குச்சியை இந்தக் கடிதத்தோடு திருப்பித் தரத்தான் நினைத்தேன். உறையில் நிற்கவில்லை.

இன்று காலை அப்பா மேலுதட்டைத் தடவிக்கொண்டே, "முள்ளு மொளைச்சிருச்சு. ஆடிக்குள்ள ஊருக்குப் போயிரலாம்" என்றார். மாலை எனக்கு 99.4 இருந்தது. அட்டவணையில் குறித்துவைத்திருக்கிறேன். அது நிஜக் காய்ச்சல்தான், சிஸ்டர்.