சாவி இருந்த பாக்கெட்

என் கைகள் வழி கண்டுபிடிக்க முடியாத தொண்டை இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் மனிதன் தானாக மூச்சு விடுவதை நிறுத்திவிடுவான். தொண்டைக்குள் குழாய் இறக்கி, அவனுக்காக மூச்சு விடுவது எங்கள் வேலை. இப்போது அதற்குக் கேமரா வைத்த கருவி வந்துவிட்டது; திரையில் பார்த்துக்கொண்டே குழாயை விடலாம். அதைக் கேட்பவர்களுக்கு 'டிவி பார்ட்டி' என்று பெயர் வைத்தது நான்தான். நர்ஸ்கள் ரசித்துச் சிரிப்பார்கள்.

அன்றைக்கு வந்தவர் பள்ளி வேன் டிரைவர். பித்தப்பையில் கல். கழுத்து என்று ஒன்று இல்லாமல் தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாளே என் ஜூனியர் பெண் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், கஷ்டமான தொண்டை. கேமரா பக்கத்துல இருக்கட்டும் சார்."

"ஏம்மா, சீரியல் எத்தனை மணிக்கு?"

அவள் நன்மைக்காகத்தான் கேமராவை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"ஸ்கூல் விடுறதுக்குள்ள எழுப்பிடுங்க டாக்டர், புள்ளைங்க காத்துட்டிருக்கும்" என்று டிரைவர் சிரித்தார். மருந்து ஏறியது.

முதல் முறை அவள் விட்ட குழாய் இறங்கவில்லை. அடுத்த முறை ரத்தம் வந்தது.

"சார், கேமரா."

"இன்னொரு தடவை பாரும்மா."

பார்த்தாள். தொண்டை வீங்கிவிட்டது. முகமூடி வைத்து அழுத்தினாலும் காற்று போகவில்லை. உதடு நீலமானது.

"சார், சாவி குடுங்க. ப்ளீஸ் சார்."

காதில் விழுந்தது. என் கைகள் பாக்கெட்டில் இருந்தன; வலது கையில் சாவி. அப்போது கொடுத்திருந்தால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும்.

கடைசியில் சர்ஜன் கழுத்தை வெளியிலிருந்து கீறி வழி செய்தார். இதயம் நிற்கவில்லை. மூளைக்குத்தான் பொறுமையில்லை. டிரைவர் இப்போது கண் திறந்து சுவரைப் பார்க்கிறார். மனைவி மூக்குக் குழாயில் பால் ஊற்றுகிறாள்.

விசாரணையில், "அந்தப் பொண்ணு கேமரா கேக்கவே இல்லைங்க" என்றேன். நர்ஸ்கள் தலையாட்டினார்கள். அவளுக்கு வேலை போயிற்று. கற்றுக்கொடுப்பதில் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்.

போன வாரம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்க வந்தவன் புது ஜூனியர். நான் பழக்கிய பையன். என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான். அவன் எதையும் கேட்க மாட்டான்.

மேஜையில் படுத்ததும் நர்ஸை அருகே அழைத்து, உள்ளங்கையில் வைத்திருந்த சாவியைக் கொடுத்தேன்.

"அலமாரில இருக்கும்மா. எடுத்து ஆன் பண்ணி வெச்சிடு."

திரை ஒளிர்வதைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடினேன்.