செம்பருந்துத் தீவுக்கு ஒரு மதிப்புரை

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதும் மாயக் கதைகளில் முதல் பத்துப் பக்கத்துக்குள் குதிரை பறந்துவிட்டால் அந்தப் புத்தகம் தேறாது என்பது என் அனுபவம். குதிரை முதலில் நடக்க வேண்டும். கொள்ளு தின்ன வேண்டும். அதன் மேல் உட்காரும் பையனுக்கு இடுப்பு வலிக்க வேண்டும். அப்புறம் பறந்தால்தான் படிக்கிறவன் நம்புவான். சரியாகச் சொன்னால் இது யேசுதாஸ் சொன்னது. ஒன்பது வருஷம் சேர்ந்து படித்ததில் எது அவன் சொன்னது, எது நான் சொன்னது என்று பிரிப்பது கஷ்டமாகிவிட்டது.

வழக்குக்குத் தேவையில்லாத பேச்சு என்று நினைக்காதீர்கள் ஐயா. இதை விட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை.

என் பெயர் கோதண்டபாணி. வயது நாற்பத்தொன்று. பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். முன்கட்டில் மூன்று தறி ஓடுகிறது, பின்கட்டு அறை என்னுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலப்பதில் என்மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

யேசுதாஸ் முசரவாக்கத்துக்காரன். அவன் அப்பாவும் தாத்தாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவன் வாத்தியார் பயிற்சி படித்து, காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் நூலகத்தில், பறக்கும் படகைப் பற்றிய ஒரு கதைப் புத்தகத்துக்காக நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். இரண்டு பேருக்கும் மீசை இருந்தது. இரண்டு பேரும் தங்கை பிள்ளைக்கு என்று பொய் சொன்னோம். அப்படித்தான் பழக்கமானோம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறையில் உட்கார்ந்து படிப்போம். அவன் பின்வாசல் வழியாக வருவான். சைக்கிள் நிறுத்த அங்கேதான் இடம். அவனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைத்திருந்தேன். அண்ணி அதைத் தொட மாட்டாள் என்பதால் நானே கழுவி வைப்பேன். எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

படித்ததைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டோம். சென்னையிலிருந்து வரும் இளைஞர் பத்திரிகை. அவர்களுக்குப் பிடித்துப்போய், மாதா மாதம் புத்தகங்களைப் பார்சலில் அனுப்பினார்கள். 'படித்தோம், சொல்கிறோம்' என்று தலைப்பு. கீழே 'இருவர்' என்று கையெழுத்து. எங்களுக்குள் ஒரே ஒரு விதி இருந்தது. இரண்டு பேரும் முழுதாகப் படிக்க வேண்டும், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதைத்தான் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அவன் எழுதுவான், நான் படித்துப் பார்த்து ஒத்துக்கொள்வேன்.

அவன் கண்டிப்பானவன். சோம்பேறித்தனமாக எழுதிய புத்தகத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "நம்ம பசங்க ஒரு புஸ்தகத்த பத்து பேரு மாத்தி மாத்திப் படிச்சிக்கினு இருக்குதுங்கபா. அதுங்கள ஏமாத்தினா பாவம் இல்லயா?" என்பான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இடையில் நான் ஒரு நாவல் எழுதினேன். 'செம்பருந்துத் தீவு'. ஆறு வருஷம் எழுதினேன். மத்தியானம் டிஸ்பென்சரியில் ஆள் இல்லாத நேரத்தில், மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, வீட்டில் நல்ல தாளில் பிரதி எடுப்பேன். ஒரு பதிப்பகம் வேறு பெயரில் அதை வெளியிட்டது. அறுபத்தெட்டு ஜனவரியில் வந்த பார்சலில், மற்ற நான்கு புத்தகங்களோடு அதுவும் இருந்தது.

யேசுதாஸிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தயவு பார்த்து எழுதுவான் என்று நினைத்தேன். எனக்குத் தயவு வேண்டாம், உண்மை வேண்டும். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு தாள்தான். 'இந்தத் தீவில் உள்ள பிள்ளைகள் யாரும் பிள்ளைகளைப் போலப் பேசவில்லை. ஆசிரியருக்குப் பயந்து பேசுகிறார்கள். பருந்து ஏன் பறக்கிறது என்று பருந்துக்கும் தெரியவில்லை, எழுதியவருக்கும் தெரியவில்லை. இதைப் படிக்கும் நேரத்தில் நம் வாசகர்கள் வெளியே போய் விளையாடலாம்.'

நான் இரண்டு முறை படித்தேன்.

"கொஞ்சம் காரமா இருக்குதோ?" என்றான்.

"இல்ல, சரியாத்தான் இருக்குது" என்றேன்.

'இருவர்' என்று என் கையாலேயே கையெழுத்துப் போட்டு, நானே தபாலில் சேர்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அது வெளியான பிறகு என் இரண்டாவது நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அதற்கும் கோபம் வரவில்லை. தெரியாமல் செய்தவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவனாகவே சொன்னான்.

"அடுத்த கதைல பசங்கள முதல்ல பேச வுடுபா. நீ பின்னாடி நில்லு."

"எந்த அடுத்த கதை?"

அவன் சிரித்தான். "அரண்மனை வைத்தியரு சீசாவ மூணு தபா குலுக்கிட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாருன்னு எழுதியிருந்தியே. இந்த ஊர்ல உன்னத் தவிர யாரு அப்பிடிப் பண்றாங்க? மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சுமா அப்படி எழுதினே?"

"தெரிஞ்சதாலதான். ஊர்ல இருக்கறவன் புஸ்தகத்தயெல்லாம் கிழிச்சிட்டு, உன்னுத மட்டும் தடவிக் குடுத்தா, நாளைக்கு உனக்கே என்மேல மதிப்பு இருக்காதுபா."

நான் அவன் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். அவன் முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒன்பது வருஷம் என் அறையில் உட்கார்ந்தவன், நான்தான் என்று தெரிந்தே அந்தத் தாளை என்னிடம் நீட்டியிருக்கிறான். நான் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். துரோகம் என்ற வார்த்தையை நான் சுலபமாகப் பயன்படுத்துகிறவன் இல்லை ஐயா.

இப்போது கண் விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவனுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் அதிகம் என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆயுசுக்கும் காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும், விட்டால் பார்வை அப்படியே நிற்கும், விடாவிட்டால் போன பார்வை திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மருந்தை எங்கள் டிஸ்பென்சரியில் நான்தான் கலந்து கொடுத்தேன். பழுப்புச் சீசா, பதினைந்து நாளைக்கு ஒன்று. வரிசையில் நிற்க வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை நானே கையில் கொடுத்துவிடுவேன்.

ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து அந்தச் சீசாவில் வெறும் தண்ணீர் கொடுத்தேன். சுத்தமான தண்ணீர்தான். ஊசி மருந்துக்கு வைத்திருக்கும் தண்ணீர். அவனுக்கு வலி உண்டாக்கும் எதையும் நான் கலக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம் அவன் சொன்னான்: "மின்னாடி மாதிரி எரியறதில்லபா இப்ப."

"கண்ணு பழகிடுச்சு" என்றேன்.

"நல்லது" என்றான். அவ்வளவுதான். வேறு சந்தேகம் கேட்கவில்லை. அவனுக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

மே மாதம் முசரவாக்கம் சாலையில் பக்கத்தில் வந்த மாட்டுவண்டி தெரியாமல் சைக்கிளோடு விழுந்தான். முழங்கால் சதை கிழிந்திருந்தது. நான்தான் கழுவிக் கட்டுப்போட்டேன். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றான். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கே உண்மையான மருந்தைக் கொடுத்தேன். அடுத்த சீசாவும் உண்மையான மருந்துதான். மறுபடி எரிகிறது என்றான். வெயில் காலம் என்றேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அந்த ஒரு மாதம் அதற்குச் சாட்சி.

ஜூன் பார்சலில் திருநெல்வேலிப் பக்கத்து யாரோ ஒருவரின் முதல் நாவல் வந்தது. கிணற்றுக்குள் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே தவறி இறங்கிய ஒரு பெண் அந்த ஊர்க் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்துத் திரும்பி வருகிறாள். அதுதான் கதை. சுமாரான கதை. யேசுதாஸ் அதைக் கண்ணுக்கு நேராக, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாளில் முடித்திருந்தான். அந்தக் கண்ணால் அதைப் படித்தான். மதிப்புரை இரண்டரைப் பக்கம். 'இந்த ஆசிரியர் பிள்ளைகளிடம் பொய் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக நாங்கள் காத்திருந்தது இந்தப் புத்தகத்துக்காகத்தான்' என்று எழுதியிருந்தான்.

நாங்கள் என்று எழுதியிருந்தான்.

அடுத்த சீசாவிலிருந்து மறுபடியும் தண்ணீர். அதற்குப் பிறகு மாற்றவில்லை.

செப்டம்பரில் அச்செழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் படிக்க, அவன் கேட்பான். சொல்லப்போனால் எங்கள் சிநேகத்தில் அவைதான் நல்ல மாதங்கள். சைக்கிள் விட முடியாததால் அவன் மனைவி வடிவு பஸ்ஸில் அழைத்து வந்து விட்டுவிட்டுப் போவாள். அவனைக் கைப்பிடித்து அறைக்குள் கூட்டிவந்து உட்கார வைப்பேன். கையில் டம்ளரைக் கொடுப்பேன். நல்ல இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பான். "இன்னொரு தபா படி" என்பான். நான் படிப்பேன். அவன் சொல்லச் சொல்ல மதிப்புரை எழுதுவேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவேன். அவன் தலையாட்டுவான். பிறகு, பத்திரிகைக்கு வேறு எழுதி அனுப்புவேன்.

நவம்பர் இதழில் 'ஒரு மறுபார்வை' என்று போட்டேன். 'செம்பருந்துத் தீவை முன்பு அவசரத்தில் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். மறுபடி படித்ததில் அதன் ஆழம் புரிந்தது.' கீழே 'இருவர்'.

அவன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு அவனிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிறு வந்து உட்கார்ந்ததும் கேட்டான்.

"மறுபார்வைன்னு ஒன்னு வந்திருக்குதாமே. நான் சொல்லலியேபா."

"சொன்னே. மறந்துட்டே."

முன்கட்டில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கண்ணுதான் போவுது, ஞாபகம் போவல" என்றான். "சரி, வுடு. உனக்கு அது அவ்ளோ வேணும்னா வச்சிக்கோ. எனக்கு என்னா போவுது. ஒரே ஒரு உதவி. கெணத்து கதைக்காரரு ரெண்டாவதா ஏதாச்சும் எழுதியிருந்தா பாத்து வை. கண்ணு முழுசா மூடறதுக்குள்ள பூதக்கண்ணாடி வச்சாவது ஒரு பக்கம் நானா படிக்கணும்."

அந்த இரண்டாவது புத்தகம் அப்போது என் அறையில்தான் இருந்தது. அக்டோபர் பார்சலில் வந்தது. இன்னும் வரவில்லை என்றேன்.

மாற்ற வேண்டியிருந்தால் அன்றைக்கு மாற்றியிருக்கலாம். வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை, அன்றும் ஒரு சீசா கொடுத்தேன். எதைக் கொடுத்தேன் என்று மழுப்ப விரும்பவில்லை. தண்ணீர்தான் கொடுத்தேன்.

டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் அவனை நீண்ட விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். பலகையில் அவன் எழுதியது அவனுக்கே தெரியவில்லை. வடிவு என்னிடம் சொல்லாமல் அவனைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், மருந்து விட்டால் கண்ணின் பாவை கடுகு போலச் சுருங்கியிருக்க வேண்டுமே, இவ்வளவு விரிந்திருக்கிறதே, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறார். நிறுத்தவேயில்லை என்று அவள் பையிலிருந்து சீசாவை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள் என் வீட்டுக்கு வரவில்லை. நேராக எங்கள் டாக்டரிடம் போனாள். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கோதண்டம், இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுய்யா" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. கேட்டதற்கு மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஏப்ரலில் ஆரம்பித்தேன். மே மாதம் நிறுத்தினேன். ஜூனில் மறுபடி ஆரம்பித்து டிசம்பர் வரைக்கும் கொடுத்தேன். என்ன ஆகும் என்று முதல் நாளிலிருந்தே தெரியும். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் வெயிலும் நிழலும் மட்டும் பிரியும். இதையெல்லாம் செய்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. இன்று தேதி ஜனவரி பதினேழு, கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

நேற்று வடிவு அவனை இங்கே ஸ்டேஷனுக்கு அழைத்து வந்திருந்தாள், நீங்களும் பார்த்தீர்கள். அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். "உன் வீட்டு பின்வாசல்ல வந்து வந்து நின்னாரே, அதுக்கா?" என்றாள். அவள் படிக்காதவள், அவளுக்கு இலக்கிய விஷயம் புரியாது. யேசுதாஸ் பெஞ்சில் உட்கார்ந்து, என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைசி வரைக்கும் பேசாமல் இருந்தான். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் இருந்தால் கேட்டிருப்பான் அல்லவா? என்னை மன்னித்துவிட்டான் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.