மேடையில் கொடுத்த மழைத்தண்ணீர்

என் பெயர் ரேணுகாதேவி, வயது 38, கணவர் பெயர் சின்னத்துரை. பரளச்சி பள்ளிக்கூடத் தெருவில் குடியிருந்து வருகிறேன். ஊருக்கு மேற்கே உள்ள காட்டில் கம்பத்தில் வாளி கட்டி மழைத்தண்ணீர் பிடித்து மதுரை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வந்தேன். மழையில் அமிலம் எவ்வளவு என்று அங்கே சோதிப்பார்கள். காட்டை ஒட்டி ரசாயன ஆலை வந்த பிறகு அமிலம் வருடா வருடம் ஏறியது. அதன் பிறகு நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆலை மேனேஜர் மாதவன், "அந்தப் பொம்பள வாளியில புளியக் கரைச்சு ஊத்திருக்கு" என்று மைக்கில் சொன்னார். ஊரே சிரித்தது. நிலையத்தார் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இன்றும் கடைக்குப் போனால், "புளி வேணுமாக்கா?" என்கிறார்கள். அன்றே அவர் மேல் வன்மம் வைத்தேன். அதை நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு காட்டில் அதே கம்பத்தில் என் சொந்த வாளியைக் கட்டி, ஐப்பசி மழையைப் பிடித்து பாட்டிலில் வைத்திருந்தேன். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. அதனால் வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர் பிடித்து வைத்து, வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். மாதவனும் ஊருக்குள் வந்தால் அதைத்தான் கேட்டுக் குடிப்பார்.

நேற்று ஆலையை விரிவாக்குவதற்கு மறுபடியும் கூட்டம் நடந்தது. தண்ணீர் கொடுக்கும் பெண்களோடு நானும் நின்றேன். பேசிக் களைத்த மாதவன், "மழத்தண்ணி கொண்டாங்கம்மா" என்றார். செம்பில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முழுவதும் குடித்துவிட்டு, "எங்க ஆல வந்தும் மழ எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். அதன் பிறகு நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்லது சார். ஒங்க பொகக்கூண்டுக்குப் பின்னாடி, காட்டுல புடிச்ச தண்ணிதான் அது. புளி சேக்கல" என்றேன். அவர் மேடை ஓரத்துக்கு ஓடி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. அங்கேயே நானும் ஒரு செம்பு குடித்துக் காட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு அவர், காட்டில் பிடித்த மழைத்தண்ணீர் விஷம் என்றும், தெரிந்தே அதைக் கொடுத்தேன் என்றும் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்திருப்பதை இன்ஸ்பெக்டர் ஐயா படித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு வார்த்தையையும் மாற்ற விடாதீர்கள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒப்படைத்துள்ளேன், சோதனைக்கு அனுப்புங்கள். விஷம் என்று வந்தால், கொடுத்தவள் நான்தான். அதை மழையில் கலந்தவர் பெயரையும் வழக்கில் சேர்க்க வேண்டும்.

மேலே சொன்னது அத்தனையும் நடந்தபடியே சொன்னது. இதிலும் நான் எதையும் கலக்கவில்லை.

(ஒப்பம்)
சி. ரேணுகாதேவி